தம்பியைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள்

சகோதரி, அக்கம்பக்கத்தார் திட்டுவது காதில் கேட்பதாகத் தம்பி சொல்கிறான், தூங்குவதில்லை, குளிப்பதில்லை, துறைமுக வேலையையும் விட்டுவிட்டான், அப்பா சோம்பேறி என்று ஏசுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இது சோம்பலாக எனக்குத் தோன்றவில்லை. மனச்சிதைவு போன்ற நோய்களில் குரல் கேட்பதைப் போலவே, எதிலும் நாட்டம் அற்றுப்போவதும் அறிகுறிதான். அப்பாவிடம் இதை எப்படியாவது சொல்லுங்கள்.

"யாரும் பேசவில்லையே" என்று வாதாடாதீர்கள். அவனுக்கு அது உண்மையாகவே கேட்கிறது. "பயமாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். தூக்கமின்மைக்கு வைத்தியம் பார்க்கலாம் என்று சொல்லி சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். மாத்திரை முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். தேறியதும் தானாக நிறுத்திவிடக் கூடாது. தன்னையோ பிறரையோ தாக்கும்படி குரல் ஏவினால், அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். இரவில் ஆலோசனை வேண்டுமானால் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.