ஓவியத்தைச் சுரண்டாமல், ஓவியர் முதலில் என்ன வரைந்தார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். அதற்கு உதவும் கருவியின் சின்னத் தம்பியை நகைக்கடையிலேயே பார்த்திருப்பீர்கள்.

எனக்கு ஹால்மார்க் சென்டரில் டச் பார்க்கும், அதாவது தங்கத்தின் தரம் சோதிக்கும் வேலை. வளையலை மெஷினில் வைத்தால் எக்ஸ் கதிர் அதன்மேல் விழும். தங்கம், வெள்ளி, செம்பு ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஆற்றலில் பதில் கதிர் விடும்; அதை வைத்துத்தான் திரையில் 91.6 என்று வருகிறது. இதே எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ் கதிர் ஒளிர்வு) முறையில் ஓவியம் முழுவதையும் புள்ளி புள்ளியாக வருடினால், எந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்று தனித்தனிப் படங்கள் கிடைக்கும். ஈயம் தெரிந்தால் பெரும்பாலும் ஈய வெள்ளைச் சாயம், பாதரசம் என்றால் சாதிலிங்கச் சிவப்பு, ஆர்சனிக் என்றால் தாளகம் (மஞ்சள்), மனோசிலை (செம்மஞ்சள்) வகையறா.

ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தில், நெதர்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் 1642இல் முடித்த ‘இரவுக் காவல்’ என்ற காவல் படை ஓவியத்தை 2019இல் இப்படி ஆராயத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 3.8 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் அகலம். கண்ணாடி அறைக்குள் வைத்து, பார்வையாளர்கள் கண் முன்னாலேயே வேலை நடந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது கால்சியம் படம். சாக்குத்தூள் (கால்சியம் உள்ள சுண்ணக்கட்டித் தூள்) நிறையக் கலந்த வெளிர்நிறச் சாயத்தால் ரெம்பிராண்ட் முதலில் ஒரு முன்வரைவு போட்டிருக்கிறார். சாக்கு எண்ணெயில் குழைந்தால் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும்படி ஆகிவிடும். சாதாரண எக்ஸ்ரே படத்திலும் அது எடுபடாது. அதனால் இவ்வளவு காலமும் அந்த முன்வரைவு யார் கண்ணிலும் படவில்லை. கால்சியம் படத்திலோ கோடுகள் தெரிகின்றன. கிளாஸ் வான் க்ரூய்ஸ்பெர்ஜென் என்ற வீரரின் தலைக்கவசத்தில் இறகுகள் இருந்திருக்கின்றன. பிறகு ரெம்பிராண்டே மூடிவிட்டார். இப்போது இருப்பதைவிட ஈட்டிகளும் அதிகம். தளபதிக்கும் லெப்டினன்ட்டுக்கும் இடையில் ஒரு வாள்கூட இருந்திருக்கிறது.

சரி, மெஷின் சொன்னால் முடிந்ததா? இல்லை. எலும்பைக் கரித்துச் செய்த கறுப்பிலும் கால்சியம் உண்டு. கூடவே பாஸ்பரஸும் தெரிகிறதா என்று பார்த்தால்தான் சாக்கா எலும்புக் கரியா என்று பிரிக்க முடியும். அப்புறம், கால்சியத்தின் பதில் கதிர் ரொம்ப பலவீனமானது. மேலே ஈய வெள்ளை கனமாக இருந்தால் வெளியே வராது. எங்கள் தொழிலிலும் இதே தொல்லைதான்: முலாம் கனமாக இருந்தால் மெஷின் உள்ளே இருக்கும் செம்பைப் பார்க்காது. சந்தேகம் வந்தால் நாங்கள் உருக்கிப் பார்த்துவிடுவோம். ரெம்பிராண்டை உருக்க முடியாதே!

ஆகவே வேறு முறைகளும் வேண்டும். அவுரி நீலம் போன்ற தாவரச் சாயங்கள் கார்பனால் ஆனவை, எக்ஸ்ஆர்எஃபில் தெரியாது; அவற்றுக்கு ஒளி எதிரொளிப்பதை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்துப் பார்ப்பார்கள். சில இடங்களில் மணல் துணுக்கைவிடச் சிறிய மாதிரி ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் அடுக்குகளைப் பார்ப்பதும் உண்டு. கறாராகச் சொன்னால், அது சுரண்டல்தான்.