இரண்டு ஓஎஸ், ஒரே ஐபி: மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: கடையில் உள்ள கணினியில் விண்டோஸ், உபுண்டு என்று இரண்டு ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டிருக்கிறேன். பகலில் பில் போட விண்டோஸ். மாலையில் மகன் உபுண்டுவில் புரோகிராமிங் பழகுவான். கடைக் கணினியில் உள்ள ஃபோல்டரை மாடியில் இருக்கும் லேப்டாப்பில் 192.168.1.10 என்ற ஐபி முகவரி கொடுத்துத் திறப்போம். உபுண்டுவில் பூட் செய்தால் முகவரி 192.168.1.23 என்று மாறிவிடுகிறது. இன்டர்நெட் கொடுப்பவர், "ஸ்டாடிக் ஐபி வாங்குங்கள், மாதம் 200 ரூபாய், ஜிஎஸ்டி தனி" என்கிறார். கணினிக் கடைக்காரர், ஓஎஸ்ஸுக்கு ஒரு நெட்வொர்க் கார்டு வேண்டும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: இரண்டும் வேண்டாம். இன்டர்நெட் கொடுப்பவர் விற்கும் ஸ்டாடிக் ஐபி என்பது உங்கள் ரௌட்டருக்கு வெளிப்பக்கம் கிடைக்கும் மாறாத முகவரி. ஊரிலிருந்தபடி கடை கேமராவையோ கணினியையோ நேரடியாகப் பார்க்க அது உதவலாம். 192.168 என்று தொடங்குவது உள்வீட்டு முகவரி. அதைக் கொடுப்பது உங்கள் ரௌட்டர்தான். 200 ரூபாய் கட்டினாலும் கடைசி எண் 10-லிருந்து 23-க்கு மாறுவது நிற்காது.

இரண்டாவது கார்டு போட்டால் குழப்பம் கூடும். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் மேக் அட்ரஸ் என்று ஓர் அடையாள எண் உண்டு. பெரும்பாலான வீட்டு ரௌட்டர்கள் அதைப் பார்த்துத்தான் முகவரி ஒதுக்குகின்றன. கார்டு ஒன்றே என்றால் எந்த ஓஎஸ்ஸில் பூட் செய்தாலும் முகவரி மாறக் கூடாது. அப்படியும் மாறினால் முதலில் பார்க்க வேண்டியது, விண்டோஸில் லேன் ஒயர், உபுண்டுவில் வைஃபை என்று ஓடுகிறதா என்பதை. லேனுக்கு ஒரு மேக், வைஃபைக்கு வேறு மேக். இரண்டு ஓஎஸ்ஸிலும் ஒன்றையே பயன்படுத்துங்கள். அடுத்தது, வைஃபையில் மேக் எண்ணை மாற்றிக் காட்டும் வசதி. விண்டோஸ் வைஃபை செட்டிங்கில் 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸஸ்' என்பதை ஆஃப் செய்யுங்கள். உபுண்டுவில் அந்த இணைப்பின் ஐடென்டிட்டி பக்கத்தில் 'குளோன்ட் அட்ரஸ்' என்ற இடத்தில் 'பெர்மனென்ட்' கொடுங்கள்.

இனி ரௌட்டரின் அட்மின் பக்கத்தைத் திறந்து அந்த மேக்குக்கு எதிரே 192.168.1.10 என்று பதிந்துவிட்டால் போதும். டிபி-லிங்க்கில் இதன் பெயர் அட்ரஸ் ரிசர்வேஷன், டி-லிங்க்கில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் (ரௌட்டர் முகவரிகளைப் பங்கிடும் முறைதான் டிஹெச்சிபி). செலவு ஒரு பைசா இல்லை. பதிந்த பிறகும் உபுண்டு வேறு முகவரி வாங்கினால், அது மேக்குக்குப் பதில் வேறோர் அடையாளத்தை ரௌட்டருக்கு அனுப்புகிறது என்று பொருள். உபுண்டு சர்வரில் இது அடிக்கடி வரும். நெட்பிளான் என்ற நெட்வொர்க் செட்டிங் ஃபைலில் டிஹெச்சிபி-ஐடென்டிஃபயர் என்பதை 'மேக்' ஆக்கினால் சரியாகும்.

"விண்டோஸிலேயே 10 என்று கையால் போட்டுவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். ஒரே கணினியில் இரண்டு ஓஎஸ் இருக்கும் டூயல் பூட்டில் அது கண்ணி. மகன் உபுண்டுவில் இருக்கும்போது 10 காலியாகத் தெரியும். ரௌட்டர் அதை யாருடைய செல்போனுக்காவது கொடுத்துவிடலாம். காலையில் விண்டோஸைத் திறந்தால் ஒரே முகவரிக்கு இருவர் மோதும் ஐபி கான்ஃப்ளிக்ட்! ரௌட்டரின் அட்மின் பாஸ்வேர்டைத் தர மறுக்கிறார்கள், வேறு வழியில்லை என்றால் மட்டும் கையால் போடுங்கள். அப்போதும் ரௌட்டர் பங்கிடும் எண்களுக்கு வெளியே உள்ள ஓர் எண்ணை இரண்டு ஓஎஸ்ஸிலும் போட வேண்டும். அந்த வரம்பைச் சொல்லும்படி இன்டர்நெட் கொடுப்பவரையே கேளுங்கள். அதற்குக் கட்டணம் கேட்க நியாயமில்லை.

முகவரி ஒன்றானாலும் ஃபோல்டர் உபுண்டுவில் தானாகத் திறக்காது. ஃபோல்டரைப் பகிர உதவும் சாம்பா என்ற மென்பொருளை நிறுவி அங்கேயும் அதே ஃபோல்டரைப் பகிர வேண்டும். அதுவும் இலவசம்தான்.

கேள்வி: புது ரௌட்டர் வாங்கும் எண்ணமும் இருக்கிறது. இந்த வசதிக்காக விலை கூடியதை எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். விலை குறைந்த மாடல்கள் பலவற்றிலும் இது உண்டு. டிபி-லிங்க் தன் தளத்தில் பல மாடல்களின் அட்மின் பக்கத்தை எமுலேட்டராகவே (தொட்டுப் பார்க்கும் மாதிரியாக) வைத்திருக்கிறது. வாங்கும் முன் அதில் டிஹெச்சிபி பகுதியைத் திறந்து, ரிசர்வேஷன் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.