சாப் கோ மே இரவில் ஏன் கடலில் ஆரஞ்சு வீசுகிறார்கள்?

ஹொக்கியன் என்ற சீன மொழியில் சாப் கோ மே என்றால் பதினைந்தாம் இரவு, சீனப் புத்தாண்டுக் கொண்டாட்டத்தின் கடைசி நாள். அன்று மலேசியாவின் பினாங்கில் பாடாங் கோத்தா லாமா கடற்கரையில் கல்யாணமாகாத பெண்கள் நல்ல கணவன் வேண்டி ஆரஞ்சு வீசுவார்கள். ஏன் ஆரஞ்சு? ஹொக்கியனில் ஆரஞ்சு 'காம்', கணவன் 'ஆங்', ஓசை ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் பாபா நியோன்யா (மலாய்ப் பழக்கவழக்கங்களும் கலந்த சீன வம்சாவளியினர்) வீடுகளில் வயதுக்கு வந்த பெண்ணை வெளியே விடமாட்டார்கள். இந்த ஒரு ராத்திரி மட்டும் அலங்கரித்துக்கொண்டு வண்டியில் உலா வருவார்கள், பையன்களும் பார்த்துக்கொள்வார்கள். நம் கன்னிப் பொங்கல் மாதிரி என்று வையுங்களேன். இப்போது பழத்தில் போன் நம்பரையே எழுதிவிடுகிறார்கள்!

அப்புறம், சாப் கோ மேயைச் சீனர்களின் காதலர் தினம் என்று சொல்வதால் இதுவும் பிப்ரவரி 14 என்று பலர் நினைக்கிறார்கள்; இல்லை, சந்திர நாட்காட்டிப்படி வருடாவருடம் தேதி மாறும்.