மேக்கில், வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் போட்டோஸ் லைப்ரரியை உள்ளே கொண்டுவர இழுத்துப் போட்டால் போதுமா?

போதும். ஆனால் இழுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதை நான் செய்யவில்லை, அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

நீங்களும் என்னைப் போல 128 ஜிபி மேக்புக் ஏரில் இடம் போதாமல் படங்களை வெளியே வைத்திருந்தவர், இப்போது பெரிய டிஸ்க்கோடு புது மேக் வாங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் போட்டோஸ் ஆப்பை மூடிவிட்டு, லைப்ரரியைப் பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டுப் படுத்துவிட்டேன். 380 ஜிபி. காலையில் முடிந்திருந்தது. ஆப்ஷன் கீயை அழுத்தியபடி போட்டோஸைத் திறந்து, உள்ளே வந்த லைப்ரரியைத் தேர்ந்தெடுத்தேன். எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை. எல்லாப் படமும் கண்ணுக்குத் தெரிந்தது. வெளி டிஸ்க்கை அழித்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து அப்பாவின் தலைத் திவசம் வந்தது. பெரிதாகப் பிரேம் போட ஒரு படத்தை எடுத்தேன். அச்சுக்கு அனுப்பப் போனால், ஒரிஜினல் ஃபைல் கிடைக்கவில்லை, எங்கே என்று காட்டு என்கிறது. அப்பாவின் பழைய ஆல்பங்களை 2017 கோடை விடுமுறையில் நானே உட்கார்ந்து ஸ்கேன் செய்திருந்தேன், 1,100 படங்களுக்கு மேல். அப்போது இடத்தை மிச்சப்படுத்த, 'லைப்ரரிக்குள் காப்பி செய்' என்ற டிக்கை எடுத்துவிட்டிருக்கிறேன். அப்படிச் செய்தால் அசல் ஃபைல் வெளியே அதன் ஃபோல்டரிலேயே இருக்கும். லைப்ரரிக்குள் இருப்பது அதன் விலாசமும் ஒரு சின்ன நகலும்தான். எண்ணிக்கையில் அதுவும் சேரும், திரையில் தெரியும், அதனால் எதுவும் குறைந்ததாகத் தோன்றாது. தம்பி அதற்குள் டிஸ்க்கில் தன் வீடியோக்களை நிரப்பிவிட்டான். அவன் மேல் தப்பில்லை. மீட்பு மென்பொருளில் அரைகுறையாகச் சிலது வந்தது. அம்மாவிடம் இருந்த பிரிண்ட்களைத் திரும்ப ஸ்கேன் செய்தேன். மீதிப் படங்களின் பிரிண்ட் வீடு மாறும்போதே போய்விட்டது.

அதனால் முதலில் போட்டோஸில் ஒரு ஸ்மார்ட் ஆல்பம் உருவாக்கி, 'ரெஃபரன்ஸ்டு' படங்கள், அதாவது அசல் ஃபைல் லைப்ரரிக்கு வெளியே இருப்பவை, என்று நிபந்தனை கொடுங்கள். ஏதாவது வந்தால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் கன்சாலிடேட் கொடுங்கள். அசல் ஃபைல்கள் லைப்ரரிக்குள் வந்துவிடும். அப்புறம் இழுங்கள். ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுட் பயன்படுத்துகிறவர் என்றால், போட்டோஸ் செட்டிங்ஸில் புது லைப்ரரியை 'சிஸ்டம் போட்டோ லைப்ரரி' ஆக்க வேண்டும். அந்த ஒன்றுதான் ஐகிளவுடோடு சேரும்.

'ஐகிளவுடில் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை' என்று கீழே யாராவது எழுதுவார்கள். லைப்ரரிக்குள் காப்பி ஆகாத படங்களை ஐகிளவுட் ஏற்றாது. ஏற்றியிருந்தாலும் ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். அழித்த படம் 'சமீபத்தில் அழித்தவை' ஆல்பத்தில் 30 நாள்தான் இருக்கும். அதை பேக்கப் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இதைச் சொல்லும்போது தங்கை கல்யாணம் ஞாபகம் வருகிறது. படம் எடுத்த ஸ்டூடியோவில் ஆல்பத்துக்கு முழுப் பணம் வாங்கிவிட்டு, பென் டிரைவில் சுருக்கிய படங்களைத்தான் கொடுத்தார்கள். ஒரிஜினல் கேட்டால் தனிக் காசு என்றார்கள். காசோடு போனபோது டிஸ்க் பழுதாகிவிட்டது என்றார்கள். நம் வீட்டு முகங்கள், நாம் கொடுத்த பணம். கல்யாணம் வைத்திருக்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒரிஜினல் ஃபைல் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் டிஸ்க்குக்கு வருகிறேன். மாற்றி முடித்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, வெவ்வேறு வருடத்துப் படங்கள் இருபது முப்பதை முழு அளவில் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். மேக்கோடு வரும் பேக்கப் வசதியான டைம் மெஷினில் ஒரு முழு பேக்கப் முடியட்டும். அதுவரை பழைய டிஸ்க்கை யாருக்கும் கொடுக்காதீர்கள். தம்பிக்குப் புதிதாக ஒரு டிஸ்க் வாங்கிக் கொடுத்திருந்தால் எனக்கு 4,000 ரூபாய் ஆகியிருக்கும்.