ஒருவருக்கு இரண்டு நூல்களாவது

அன்புள்ள ஐயா,

நான் தபால் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டச் செயலாளராக இருக்கிறேன். நன்கொடையாக வந்த ஒரு தொகையைக் கொண்டு வாழ்க்கை வரலாறுகளும் தன்வரலாறுகளும் வாங்கலாம் என்று வட்டத்தில் முடிவாகியிருக்கிறது. தற்போது அந்த அடுக்கில் இருப்பவை பெரும்பாலும் பள்ளிப் பரிசளிப்புக்கென்று அச்சிட்டது போன்ற சிறிய தலைவர் வரலாறுகளும் தொழிலதிபர்களின் வெற்றிக் கதைகளுமே. அவற்றை ஒருமுறை எடுத்தவர் மறுமுறை எடுப்பதில்லை.

எந்தெந்த நூல்களை வாங்கலாம் என்று தாங்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கூடவே ஓர் ஐயம். எங்கள் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர், “தன்னைப் பற்றித் தானே எழுதுகிறவன் மறைத்து எழுதுவான், அடுத்தவனைப் பற்றி எழுதுகிறவன் புகழ்ந்து எழுதுவான், இரண்டுக்கும் எதற்கு நூலகப் பணம்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மூத்த உறுப்பினரை எக்காரணம் கொண்டும் வட்டத்திலிருந்து விலகவிடாதீர்கள். அவர் சொன்னது ஏறக்குறைய உண்மை. மறைக்காத தன்வரலாறும் புகழாத வாழ்க்கை வரலாறும் உலகில் மிகக் குறைவு. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் எனக்கு உடன்பாடில்லாதது. ஒரு நூல் மறைப்பதை இன்னொரு நூல் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஐம்பது பேரைப் பற்றி ஐம்பது நூல்கள் வாங்குவதைவிட, பத்துப் பன்னிரண்டு பேரைப் பற்றி ஒருவருக்கு இரண்டு மூன்று நூல்கள் என்று வாங்குங்கள். அவற்றை அடுக்கில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் கேள்விகள் இரண்டுக்கும் என்னிடம் இருக்கும் பதில் இந்த ஒன்றுதான்.

உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலிலிருந்து தொடங்குகிறேன். அதை நான் முதலில் படித்தது பள்ளி நாட்களில், ஒரு கிளை நூலகத்தின் இரவல் பிரதியில். முதுகு உரிந்து, நூல் தைத்து, அட்டைக்குப் பதிலாகக் காக்கித் தாள் ஒட்டிய தடிமனான பிரதி அது. கடைசிப் பக்கத்தில் கதை பாதியில் நின்றது. யாரோ பின்பக்கங்களைக் கிழித்துவிட்டார்கள் என்று நினைத்து நூலகரிடம் போய்ப் புகார் சொன்னேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “கிழியவில்லை தம்பி, அவர் எழுதினது அவ்வளவுதான்” என்றார். பிறகுதான் விவரம் தெரிந்தது. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடராகத் தொடங்கிய அந்த எழுத்து, 1942 ஏப்ரலில் ஐயர் காலமானதோடு 122 அத்தியாயங்களில் நின்றுவிட்டது. வாழ்க்கையில் 87 வயது வரை சென்றவர், எழுத்தில் மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய ஆண்டுகளைத் தாண்டவில்லை. நூலாக அது வெளிவந்தது 1950-இல்.

தமிழாசிரியர்கள் மேடையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன இடம் ஒன்று அந்நூலில் உண்டு. ஆனாலும் நூலில் படிக்கும்போது அது தேய்ந்ததாக இல்லை. 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கல்லூரித் தமிழாசிரியரான ஐயர் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று வரிசையாக அடுக்குகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்ற பெயரே எங்கும் வியப்பை உண்டாக்கும் காலம் அது. முதலியார் வியக்கவில்லை. இவற்றைப் படித்து என்ன பயன் என்கிற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அறுபது ஆண்டுகள் கழித்து, நாடே போற்றும் கிழவராக இருந்துகொண்டு, தான் அன்று பட்ட அந்தச் சிறுமையைப் பூசி மெழுகாமல் ஒருவர் எழுதுகிறார். தன்னை எழுதுகிறவன் மறைக்கத்தான் செய்வான் என்னும் உங்கள் நண்பருக்கு இந்த அத்தியாயத்தை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்து வருவது இன்னும் நல்ல இடம். சிந்தாமணியின் சமயச் செய்திகள் புரியாமல் தவித்த ஐயர், ஊரிலிருக்கும் ஜைனர்களைத் தேடிப் போகிறார். ஒரு வீட்டு வாசலில் மாவிலைத் தோரணமும் கோலமும் கண்டு என்ன விசேஷம் என்று விசாரித்தால், சிந்தாமணி படித்து வந்தோம், இன்று பூர்த்தியாயிற்று என்கிறார்கள். தமிழ்ப் புலவர் உலகம் மறந்து கிடந்த நூல், சில தெருக்களுக்கு அப்பால், ஒரு குடும்பத்துப் பண்டிகையாக உயிரோடு இருந்திருக்கிறது. 1887-இல் அச்சான பதிப்புக்குப் பின்னால் இப்படி ஒரு கோலம் இருந்தது என்பதை அவருடைய தன்வரலாற்றைத் தவிர வேறு எதில் தெரிந்துகொள்வது?

இதற்கு இணையாக நீங்கள் வாங்க வேண்டியது, அதே ஐயர் 1933, 1934 ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம். அங்கே அவர் மாணவராக நின்று ஆசிரியரின் வரலாற்றை ஆவணம் போலத் தொகுக்கிறார். பாடல், கடிதம், நாள், ஊர் எல்லாம் வரிசையாக இருக்கும். ‘என் சரித்திரம்’ நூலிலோ அதே ஆசிரியர் ஒரு பதினேழு வயதுப் பையனின் கண்ணால் தெரிகிறார். எண்ணெய் முழுக்குக்காகப் பலகையில் உட்கார்ந்த ஆசிரியர், வீட்டில் எண்ணெய் இல்லை என்பது வெளியே தெரியாதபடி பாடம் சொல்லிக்கொண்டே காத்திருக்கிறார். நிலைமையைப் புரிந்துகொண்ட மாணவர் கையிலிருந்த காசில் கடைக்கு ஓடி எண்ணெய் வாங்கிவந்து சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் போலத் திரும்பி வந்து உட்காருகிறார். ஆயிரக்கணக்கில் செய்யுள் பாடிய ஒரு மகாவித்துவானின் வறுமையை விளக்க இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். மூன்றாவதாக, கி.வா.ஜகந்நாதன் எழுதிய ‘என் ஆசிரியப்பிரான்’ நூலையும் சேர்த்து வைத்தால், தன்வரலாறு நின்றுபோன இடத்துக்குப் பிந்தைய ஐயரையும் வாசகர் பார்க்கலாம். ஆசிரியரைப் பற்றி மாணவர், அந்த மாணவரைப் பற்றி அவருடைய மாணவர் என்று மூன்று தலைமுறை ஒரே அடுக்கில் வந்துவிடும். ‘என் சரித்திரம்’ சுருக்கப் பதிப்பாகவும் கிடைக்கும். விலையைப் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள். சுருக்கும்போது முதலில் போவது கோலமும் எண்ணெயும்தான்.

பாரதியைப் பற்றி இணைகளுக்குக் குறைவே இல்லை. மனைவி செல்லம்மாள் சொன்ன வரலாறு 1941-இலும், வ.ரா.வின் ‘மகாகவி பாரதியார்’ 1944-இலும், யதுகிரி அம்மாளின் ‘பாரதி நினைவுகள்’ 1954-இலும் வெளிவந்தன. மூன்றும் சிறிய நூல்கள், ஒரு வாரத்தில் மூன்றையும் முடித்துவிடலாம். வ.ரா. தொண்டராக எழுதுகிறார். பாரதி மகாகவியா இல்லையா என்று 1930-களில் கல்கி முதலானோருடன் நடந்த சர்ச்சையில் முன்னணியில் நின்றவர் அவர் என்பதால், நூலின் தலைப்பே ஒரு வாதம். யதுகிரி, புதுச்சேரியில் பாரதிக்கு நெருக்கமாக இருந்த மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகள். பாரதி பாடப்பாடக் கேட்டு வளர்ந்த குழந்தையின் நினைவு என்பதால் அதில் வாதம் எதுவும் கிடையாது. பாட்டும் விளையாட்டும் வீட்டுப் பேச்சும்தான் இருக்கும். செல்லம்மாளின் நூலில் இருப்பது குடித்தனம். சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கவிஞனைக் கொண்டாடுவது நமக்கு எளிது. அன்று உலையில் என்ன போடுவது என்ற கவலை அந்த வீட்டில் யாருடையது என்பதை யோசித்துக்கொண்டே அந்நூலைப் படியுங்கள். இதில் எது உண்மையான பாரதி என்று உங்கள் வட்டத்தில் சண்டை வரும். வரட்டும், செலவழித்த பணம் அங்கேயே திரும்பிவிட்டது.

நாடக அன்பர்கள் உங்கள் ஊரில் கட்டாயம் இருப்பார்கள். அவர்களுக்குப் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’, அவ்வை தி.க.சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ ஆகிய இரண்டையும் வாங்குங்கள். முன்னவர் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய படிப்பாளி, வக்கீல், பின்னாளில் நீதிபதி. அவருக்கு நாடகம் என்பது விரும்பி ஏற்ற கலை. பின்னவர் 1918-இல் ஆறு வயதில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில் சேர்க்கப்பட்டவர். அவருக்கு அது பள்ளிக்கூடமும் சோறும் வீடும். சண்முகத்துக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஒரே கலையை மேலிருந்து ஒருவரும் உள்ளிருந்து ஒருவரும் எழுதியிருக்கிறார்கள்.

அரசியல் தலைவர்களின் தன்வரலாறுகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அவற்றுக்கு வாசகர் தாமாகவே வருவார். ஓர் இணை மட்டும் சொல்கிறேன். கண்ணதாசனின் ‘வனவாசம்’ அவர் 1961-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தை விட்டு விலகும் வரையிலான கதை. தன்னை ‘அவன்’ என்றே குறிப்பிட்டு, தன் சறுக்கல்களையும் சேர்த்து எழுதியிருக்கிறார். அதே ஆண்டுகளை மு.கருணாநிதி ஆறு பாகமான ‘நெஞ்சுக்கு நீதி’ வரிசையின் தொடக்கப் பகுதியில் எழுதியிருக்கிறார். இரண்டையும் ஒருவரே ஒரே மாதத்தில் படித்தால்தான் பயன். ஒன்றை மட்டும் படித்தவர் கட்சிக்காரராகத்தான் வெளியே வருவார். ஆரவாரம் வேண்டாதவர்களுக்குத் திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ இருக்கிறது. 1944-இல் வந்த நூல், 1918-இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் உள்கதையை அதன் தூண்களில் ஒருவரே சொல்வது. மேடைத் தமிழ் சற்று மிகுதி. கல்வித் துறையின் தலைமையில் இருந்த நெ.து.சுந்தரவடிவேலுவின் ‘நினைவு அலைகள்’ மிகப் பெரியது. ஆனால் காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டம் ஊர் ஊராக எப்படி நடைமுறைக்கு வந்தது என்று தெரிந்துகொள்ள நினைக்கும் ஆசிரியர்கள் அதைத் தேடி வருவார்கள்.

இனி, என் கணக்கு பொய்த்துப்போகும் இடம். பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது, கே.ஏ.குணசேகரனின் ‘வடு’ 2005-இல். இரண்டும் தலித் எழுத்தாளர்களின் தன்வரலாறுகள், இரண்டும் சிறியவை, இரண்டிலும் மக்கள் பேசும் மொழி அப்படியே இருக்கிறது. பனை மட்டையின் இருபுறமும் ரம்பப் பல் போல இருக்கிற கருக்கைத் தொட்டவர்களுக்கு முதல் நூலின் தலைப்பை விளக்க வேண்டியதில்லை. இவற்றுக்கு இணையாக எந்த நூலை வைப்பது என்று யோசித்தேன். பிறகுதான் உறைத்தது, இவையே மற்றவற்றுக்கு இணை. உத்தமதானபுரம் என்ற அக்கிரகாரம், ஏகாதசியன்று மறந்துபோய்த் தாம்பூலம் தரித்த ஓர் அரசனின் பிராயச்சித்தத்தால் உண்டானது என்ற ஊர்க்கதையோடு ‘என் சரித்திரம்’ தொடங்குகிறது. தமிழ்நாட்டு ஊர் என்றால் என்ன என்று அதைப் படித்துத் தெரிந்துகொண்டவர், உடனே ‘கருக்கு’ காட்டும் ஊருக்குள்ளும் போய்வர வேண்டும். ஆகவே இவ்விரண்டு நூல்களையும் தனியாக ஒரு தலைப்பிட்டு ஒதுக்கிவைக்காமல் ஐயருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வகைப்பாட்டு எண் இடம் கொடுக்காவிட்டால், நூலகரிடம் கேட்டு வாசலருகே ஒரு காட்சி அடுக்காவது போடச் சொல்லுங்கள். நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பதையும் அதில் ஒன்றாகவே வைத்தார். எண்ணைக் காப்பதற்காக வாசகரை இழப்பதை அவர் ஒப்பமாட்டார்.

மொழிபெயர்ப்புகளில் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். காந்தியின் ‘சத்திய சோதனை’ உங்கள் அடுக்கில் ஏற்கெனவே இரண்டு மூன்று பிரதிகள் இருக்கும். பரிசாக வந்து, பிரிக்கப்படாமலே பழுத்துப்போயிருக்கும். 1925 முதல் குஜராத்தியில் தொடராக எழுதப்பட்ட நூல் அது என்பதை நினைவில் வைத்துப் படித்தால், அத்தியாயங்கள் ஏன் அவ்வளவு சிறியவை என்பது விளங்கும். முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டிய அவசியமில்லை. நேட்டாலில் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி வந்து நிற்கும் அத்தியாயத்தைத் திறக்கச் சொல்லுங்கள். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக, கிழிந்த துணியோடு, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்கியபடி அவர் நிற்கிறார். காந்தி முதலில் அந்தத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார். அங்கிருந்து தொடங்கியவர் நூலை முழுவதும் படிக்காமல் வைப்பதை நான் பார்த்ததில்லை.

பழைய சிறிய வரலாறுகளைக் கழித்துவிட வேண்டாம். அவற்றைச் சிறுவர் பகுதிக்கு மாற்றினால் போதும். வெற்றிக் கதைகளை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாங்கும்போது, கிடைத்தால் கெட்டி அட்டைப் பதிப்பாகவே வாங்குங்கள். இரவல் போய் வரும் நூலுக்கு மெல்லிய அட்டை இரண்டு ஆண்டுகூடத் தாங்காது. முதல் மாதக் கூட்டத்துக்குச் செல்லம்மாளையும் வ.ரா.வையும் எடுத்துக்கொள்ளுங்கள். செல்லம்மாளைப் பற்றிப் பேசும் பொறுப்பை, கேள்வி கேட்ட அந்த மூத்த உறுப்பினரிடமே கொடுத்துவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்