புதுப் பையனா, பழைய கையா?

போன இதழில் அமெரிக்க ஃபுட்பால் பற்றி ரெண்டு பத்தி எழுதினாலும் எழுதினேன், திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் கடிதங்கள் வந்தபடியே இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே சண்டைதான்: அனுபவசாலி ஒருத்தர் இருக்கும்போது புதுப் பையனை இறக்கலாமா, கூடாதா. அதனால் இந்தப் பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: நானும் என் நண்பனும் ஒரே பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறோம்ங்க. அமெரிக்க பையர்களிடம் பேசிப் பேசியே அந்த ஊர் ஃபுட்பால் தொத்திக்கிச்சு, ரெண்டு பேருக்கும் அட்லாண்டா ஃபால்கன்ஸ்தான் அணி. 2024-ல் கர்க் கசின்ஸை உட்கார வைத்துவிட்டு மைக்கேல் பெனிக்ஸை இறக்கினது சரிதான் என்கிறேன் நான். அத்தனை வருஷ அனுபவத்தை இப்படித் தூக்கிப் போடுவார்களா என்கிறான் அவன். ஒரு வருஷமாச்சு, இன்னும் டீக்கடையில் இதே பேச்சுத்தான். நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்க.
— வாசகர், அனுப்பர்பாளையம், திருப்பூர்

பதில்: மாற்றியது சரி. ரெண்டு வாரம் முன்னாடியே மாற்றியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

விஷயம் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரெண்டு பேரும் க்வார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறிந்து ஆட்டத்தை நடத்தும் ஆள். 2024 மார்ச்சில் கசின்ஸோடு ஃபால்கன்ஸ் போட்ட ஒப்பந்தம் நாலு வருடத்துக்கு 18 கோடி டாலர், அதில் 10 கோடி எப்படியும் கொடுத்தே ஆக வேண்டிய பணம். முந்தின சீசனில்தான் குதிகால் தசைநாண் அறுந்து அவர் பாதியில் நின்றிருந்தார். அடுத்த மாதமே டிராஃப்ட்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் நாளில், எட்டாவது ஆளாகப் பெனிக்ஸைத் தூக்கினார்கள். ஊரே ஆச்சரியப்பட்டது.

ஆரம்பத்தில் உங்கள் நண்பர் சொல்வதுதான் நடந்தது. அக்டோபரில் டாம்பா பேவுக்கு எதிராக ஒரே ராத்திரியில் பந்தை எறிந்தே அணியை 509 கெஜம் முன்னேற்றினார் கசின்ஸ். முதல் ஒன்பது ஆட்டத்தில் ஆறு வெற்றி. அப்புறம் வரிசையாக நாலு தோல்வி, அந்த நாலு ஆட்டத்திலும் சேர்த்து ஒரு டச்டவுன்கூட, அதாவது எதிராளியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுக்கும் எறிதல் ஒன்றுகூட, இல்லை. எறிந்ததில் எட்டுப் பந்து எதிராளி கையில். டிசம்பர் 1-ஆம் தேதி சார்ஜர்ஸ் ஆட்டத்தில் மட்டும் அப்படி நாலு பந்து பறிபோனது. தோளிலும் முழங்கையிலும் அடிபட்டிருந்ததை அவரே பின்னால் சொன்னார். ஆனால் பந்து கையை விட்டுப் போகும் விதத்திலேயே அது தெரிந்தது. பக்கவாட்டுக் கோட்டை நோக்கி எறியும் பந்து விர்ரென்று போய்ச் சேர வேண்டும், அவருடையது நடுவில் மிதந்தது. மிதக்கிற பந்தை ஓடி வருகிற எவனும் பறித்துவிடுவான்.

அன்றைக்கே மாற்றியிருந்தால் மின்னசோட்டாவில் 42-21 என்று வாங்கிய அடியாவது மிச்சமாகியிருக்கலாம். மாற்றவில்லை. கொடுத்த பணம் கண்ணை மறைத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். டிசம்பர் 22-ல் பெனிக்ஸ் முதல் தடவை தொடக்கத்திலிருந்தே ஆடினார், ஜயன்ட்ஸை 34-7 என்று ஜெயித்தார்கள். அடுத்த வாரம் வாஷிங்டனில் ஆட்டம். நமக்குத் திங்கட்கிழமை காலை ஏழு மணி வாக்கில் தொடங்கியது, நீங்கள் இருவரும் கம்பெனி பஸ்ஸில் போனில் பார்த்திருப்பீர்கள். கடைசி நிமிடங்களில், நான்காவது முயற்சியில், தவறினால் எல்லாம் முடிந்தது என்ற இடத்தில், அந்தப் பையன் கைல் பிட்ஸுக்கு எறிந்து ஆட்டத்தைச் சமனாக்கினாரே, அதைப் பார்த்த பிறகும் உங்கள் நண்பர் எப்படிக் கசின்ஸ் பக்கம் நிற்கிறார் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அந்த ஆட்டமும் அடுத்த ஆட்டமும் கூடுதல் நேரத்தில் கைநழுவி, எட்டு வெற்றி, ஒன்பது தோல்வி என்று சீசன் முடிந்தது. அதை அந்தப் பையன் கணக்கில் எழுத முடியாது.

ஆனால் நண்பர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 2025 நவம்பரில் பெனிக்ஸுக்கு முழங்காலில் அடிபட்டு சீசனே போய்விட்டது. அப்போது இறங்கி ஆடியவர் அதே கசின்ஸ். உட்கார வைத்தார்களே என்று அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அணியும் அவரை விரட்டிவிட்டிருக்கவில்லை. பழைய கையை உட்கார வைக்கலாம், வீட்டுக்கு அனுப்பத் தேவையில்லை.

கேள்வி: தம்பி புதுசா, அண்ணன் பழசா என்று எல்லோரும் பேசுகிறார்கள். புதுப் பையன் தயாராகிவிட்டான் என்று எதை வைத்துங்க சொல்வது?
— கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

பதில்: அவனைப் பார்க்காதீர்கள், அவனுக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேரைப் பாருங்கள். இத்தனை வருடம் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்ட ஒரே விஷயம் இதுதான்.

பந்து கைக்கு வந்ததிலிருந்து ரெண்டரை, மூன்று விநாடிதான் க்வார்ட்டர்பேக்குக்குக் கிடைக்கும். அதற்குள் யார் ஓடுகிறான், யார் மறிக்கிறான், எங்கே சந்து திறக்கிறது என்று பார்த்து எறிய வேண்டும். அந்த மூன்று விநாடியை வாங்கிக் கொடுப்பவர்கள் அந்த ஐந்து பேர். ஒவ்வொருத்தரும் நூற்றி நாற்பது கிலோவுக்கு இருப்பார், தொலைக்காட்சியில் அவர்கள் பேரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். வலக்கைக்காரன் எறியத் திரும்பும்போது அவன் முதுகு இடது பக்கம் இருக்கும், அதனால் இடது ஓரத்துக் காவலுக்குக் கொட்டிக் கொடுப்பார்கள். பெனிக்ஸ் இடக்கைக்காரர், அவர் முதுகைக் காப்பது வலது ஓரத்தில் நிற்பவர். அந்த இடத்தில் நின்ற கேலப் மெக்கேரி 2025 சீசன் தொடங்கும் முன்பே காயத்தால் வெளியேறிவிட்டார். பையன் சரியில்லை என்று அந்த வருடம் திட்டினவர்கள் இதைக் கணக்கில் எடுத்தார்களா?

2002-ல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் புதிதாகத் தொடங்கிய அணி. முதல் ஆளாக டேவிட் காரை எடுத்து முதல் நாளே இறக்கினார்கள். முன்னால் காவல் இல்லை. அந்த ஒரு சீசனில் 76 தடவை அவரைத் தரையில் சாய்த்தார்கள், இன்றைக்கும் அதுதான் சாதனைக் கணக்கு. நல்ல கை, நல்ல படிப்பாளி. ஆனால் நாளாக நாளாகப் பந்து வந்ததுமே கண் தூரத்தைப் பார்க்காமல், பாய்ந்து வருகிறவனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஐந்து சீசனில் அனுப்பிவிட்டார்கள்.

இன்னொரு பக்கம் பெய்டன் மேனிங். 1998-ல் இண்டியானாபொலிஸ் அணிக்கு முதல் வருடமே எல்லா ஆட்டமும் ஆடினார், எதிராளி பறித்த பந்து 28, பதினாறில் மூன்றே வெற்றி. ஆனால் அவரைச் சாய்த்தது 22 தடவைதான். தப்புச் செய்ய நேரம் கிடைத்தது, தப்பிலிருந்து படிக்கவும் நேரம் கிடைத்தது. அடுத்த வருடம் பதின்மூன்று வெற்றி.

எங்கள் அப்பாரு காங்கேயம் பக்கம் காளை பழக்குவார். புதுக் காளையைத் தனியாகப் பூட்டவே மாட்டார், வண்டிக்குப் பழகின மாடு ஒன்றோடு ஜோடி சேர்த்துத்தான் பூட்டுவார். வெறும் வண்டி, பாரம் கிடையாது. புதுசு மிரண்டு இழுத்தால் பழசு அசையாமல் நிற்கும், புதுசுக்குக் கழுத்து வலிக்கும், தானாக நிற்கும். அப்புறம் பழசு ஒரு அடி எடுத்து வைத்தால் இதுவும் வைக்கும். ஒருமுறை பக்கத்துத் தோட்டத்துக்காரர் அவசரப்பட்டு மூன்றாம் நாளே மூட்டை ஏற்றிவிட்டார். காளை மேட்டில் முட்டி போட்டுப் படுத்துவிட்டது, வாலை முறுக்கியும் எழவில்லை. அதற்குப் பிறகு எந்த மேட்டைக் கண்டாலும் படுக்கும். டேவிட் காரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாடு ஞாபகம் வரும்.

உடனே இறக்கி ஜெயித்தவர்களும் உண்டு. 2024-ல் வாஷிங்டனின் ஜேடன் டேனியல்ஸ் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை, பன்னிரண்டு ஆட்டம் ஜெயித்தார். 2016-ல் டாலஸில் டோனி ரோமோவுக்கு முதுகில் அடிபட, 135-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டாக் பிரெஸ்காட் இறங்கி பதின்மூன்று வெற்றி, மூன்று தோல்வி என்று முடித்தார். ஆனால் அன்றைய டாலஸின் ஐந்து பேரும் நாட்டிலேயே முதல் தரம், டைரன் ஸ்மித், ஃப்ரெடரிக், ஸாக் மார்ட்டின் எல்லாம் அந்த வரிசையில்தான் நின்றார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுக் கதை.

கேள்வி: காத்திருந்தால் நல்லது என்றால் ஏன் எல்லா அணியும் அவசரப்படுகிறதுங்க?
— வாசகர், பெருந்துறை

பதில்: பணம். 2010-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர். 2011-ல் விதியை மாற்றி, புதியவர்களுக்கு ஒரு உச்ச வரம்பு வைத்தார்கள். அந்த வருடம் அதே முதல் இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நாலு வருடத்துக்கு 2.2 கோடிதான். க்வார்ட்டர்பேக் மலிவாகக் கிடைக்கும் அந்த நாலு வருடத்தில் மிச்சமாகும் பணத்தை வைத்து மற்ற இடங்களுக்கு ஆள் வாங்கிவிடலாம், அதனால் ஒரு வருடம் உட்கார வைத்தால் ஒரு வருட லாபம் போச்சு என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அந்த மிச்சத்தை முதலில் முன்வரிசையில் போட வேண்டும். 2024-ல் சிகாகோ அணி காலெப் வில்லியம்ஸை 68 தடவை சாய விட்டுவிட்டு, அடுத்த வருடம்தான் நடு வரிசை மூன்று பேரையும் புதிதாகக் கொண்டு வந்தது. ஒரு வருடம் முன்னால் செய்திருக்கலாமே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கான்ஸஸ் சிட்டி செய்ததைப் பாருங்கள். 2017-ல் பேட்ரிக் மஹோம்ஸைப் பத்தாவது ஆளாக எடுத்தார்கள். அலெக்ஸ் ஸ்மித் அந்த வருடம் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தார், பையன் கடைசி ஆட்டம் ஒன்றுதான் ஆடினான். அடுத்த வருடம் 50 டச்டவுன். கிரீன் பேயில் ஆரன் ராட்ஜர்ஸ் பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் மூன்று வருடம் உட்கார்ந்தார், பிறகு அதே ராட்ஜர்ஸுக்குப் பின்னால் ஜோர்டன் லவ் மூன்று வருடம் உட்கார்ந்தார்.

கேள்வி: நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனை இதோடு ஒப்பிடலாமா?
— வாசகர், தாரமங்கலம்

பதில்: தாராளமாக. ஆஸ்திரேலியாவுக்கு வலையில் பந்து போடப் போனவர், மற்றவர்கள் அடிபட அடிபட 2020 டிசம்பரில் ஒருநாள், டி20 என்று இறங்கி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட்டும் ஆடிவிட்டார். அந்த இடைப்பட்ட நாளெல்லாம் வலையில் உலகத்தின் நல்ல மட்டையாளர்களுக்கே போட்டுக்கொண்டிருந்தாரே, அதுதான் அவருடைய வெறும் வண்டி.

கேள்வி: ஐயா, என் மகன் பாஸ்டனில் வேலையில் இருக்கிறான். அவன் அப்பா இங்கே கோபியில் உட்கார்ந்துகொண்டு விடிகாலையில் அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவனுக்குப் போன் போடுவார். இப்போது புதுசு, பழசு என்று வாக்குவாதம் முற்றி, பத்து நாளாக ரெண்டு பேரும் பேசவில்லை. 'வயசானவங்கன்னா உங்களுக்கு எளக்காரம்' என்று இவர் சொல்லிவிட்டார். அவன் என்னிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறான். எனக்கு ஆட்டம் ஒன்றும் புரியாது, என்ன செய்யட்டும்?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மா, பாஸ்டன் என்றால் உங்கள் மகன் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் ஆளாகத்தான் இருப்பார். அந்த அணியின் ஒரு பழைய ஆட்டத்தை ரெண்டு பேரையும் சேர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கதையை நான் சொல்கிறேன், நீங்களே அவர்களிடம் சொல்லலாம்.

ட்ரூ பிளெட்சோ அங்கே எட்டு வருடமாகப் பெரிய ஆள். 2001 மார்ச்சில்தான் பத்து வருடத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். செப்டம்பரில் கோட்டோரமாக ஓடும்போது மோ லூயிஸ் என்பவர் மோதியதில் அவருக்கு நெஞ்சுக்குள்ளே ரத்தம் கசிந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இறங்கிய பையன் டாம் பிரேடி, 199-ஆவதாக எடுக்கப்பட்டவன். பிளெட்சோ குணமாகி வந்தும் இடம் திரும்பக் கிடைக்கவில்லை. வருடமெல்லாம் பயிற்சியில் அந்தப் பையனுக்குக் கூடவே நின்றார்.

ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் பெரிய ஆட்டம். பாதிக்குள் பிரேடிக்குக் கணுக்காலில் அடி. நாலு மாதமாக ஆடாத பிளெட்சோ எழுந்து வந்தார். வந்த கொஞ்ச நேரத்திலேயே அதே மாதிரி கோட்டோரம், அதே மாதிரி ஒரு இடி, மனிதர் எல்லைக்கு வெளியே போய் விழுந்தார். பார்த்தவர்களுக்கு மூச்சே நின்றிருக்கும். எழுந்தார். டேவிட் பேட்டனுக்கு 11 கெஜத்தில் டச்டவுன் எறிந்தார். ஆட்டம் 24-17, பேட்ரியட்ஸ் பக்கம்.

அடுத்த வாரம் சாம்பியன் யார் என்று முடிவாகும் சூப்பர் பௌல் ஆட்டத்தில் கணுக்கால் சரியாகிப் பிரேடியே இறங்கினார். பிளெட்சோ மறுபடி ஓரத்தில் நின்றார். ஸ்கோர் 17-17, மிச்சம் 1 நிமிடம் 21 விநாடி, கடிகாரத்தை நிறுத்திவைக்க டைம்அவுட் ஒன்றுகூடக் கையில் இல்லை. அப்படியே விட்டுக் கூடுதல் நேரத்துக்குப் போகட்டும் என்று வர்ணனையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பையன் உள்ளே போகும் முன் தயங்காமல் எறியச் சொல்லி அனுப்பியவர் பிளெட்சோ. அவன் எறிந்துகொண்டே போனான், அணியின் உதைப்பாளர் வினாட்டியேரி 48 கெஜத்திலிருந்து கோலுக்கு உதைத்தார், 20-17.

ரெண்டு ஆட்டமும் முழுசாகவே காணொளியில் கிடைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மகனுக்கு நீங்களே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவர் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பிளெட்சோ அந்த ரெண்டாவது இடியை வாங்கி எழும்போது யார் முதலில் வாயைத் திறக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.