மூளை ஸ்லைட்டுக்குக் காசு கட்டாதீர்கள்

கேள்வி: திருகோணமலையில் விலங்கியல் இறுதி ஆண்டு படிக்கிறேன், சேர். மீன் மூளையின் இடது–வலது வேறுபாடுதான் என் ஆய்வுத் தலைப்பு. எங்கள் ஆய்வுகூடத்தில் மூளையை வெட்டிப் பார்க்க வசதியில்லை. கப்பி மீனை அனுப்பினால் ஸ்லைட் செய்து, ரிசல்ட்டும் எழுதித் தருவதாக ஒருவர் 40,000 ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம், பிள்ளை.

மூளையை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக வெட்டி, நிறமூட்டித் தருவார். பார்க்க வடிவாகத்தான் இருக்கும். வெட்டுமுன் ஒரு பக்கத்தில் அடையாளக் கீறல் போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள். சீவலை நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏற்றும்போது, தோசை மாதிரி ஒருக்கா புரண்டால் இடம் வலமாகிவிடும். கீறல் இல்லையென்றால் பிறகு எவராலும் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் தலைப்புக்கு அந்த ஸ்லைட் குப்பைக்குச் சமம். ‘ரிசல்ட்டும் எழுதித் தருகிறேன்’ என்றாரே, அந்த இடத்திலேயே போனை வைத்திருக்க வேண்டும்.

கட்டுரைகளில் நீங்கள் பார்த்த படங்கள் பெரும்பாலும் ஸீப்ரா மீன் குஞ்சுகளுடையவை. அவற்றின் ஹெபனுலா என்ற சிறு பகுதி இடத்தில் ஒரு மாதிரி, வலத்தில் ஒரு மாதிரி இருக்கும். அதைக் காட்ட ஒளிரும் மரபணு ஏற்றிய மீனும் அதற்கேற்ற நுணுக்குக்காட்டியும் வேண்டும். தரகரிடம் இரண்டும் இராது.

உங்களுக்கு மூளையை வெளியே எடுக்கும் தேவையே இல்லை. எலும்பு மீன்களில் கண் நரம்புகள் குறுக்கே கடந்து போகின்றன. இடக்கண் பார்ப்பது வலப்பக்க மூளைக்குப் போகும். இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் ஆஞ்சலோ பிசாட்சா குழுவினர் 1990களில் இதை வைத்தே வேலை செய்தார்கள். ஒடுங்கிய நீர்ப்பாதை, முடிவில் கம்பித் தடுப்பு, அதற்கப்பால் மீனை ஈர்க்கும் ஏதோ ஒன்று. தடுப்பைச் சுற்ற மீன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எண்ணினார்கள். கண்ணாடித் தொட்டி, கறுப்புக் கடதாசி, கைபேசிக் கமரா போதும். வெளிச்சம் நேர் மேலிருந்து விழ வேண்டும். ஒரு பக்கம் ஜன்னல் திறந்திருந்தால் நீங்கள் அளப்பது ஜன்னலைத்தான்.

வலப்பக்கம் திரும்பும் மீனுக்கு இலக்கு இடப்பக்கம் வரும். அதாவது அது இடக்கண்ணால் பார்க்கிறது. ‘வலம் திரும்பியது, எனவே வலக்கண்’ என்று எழுதினால் முழு அட்டவணையும் தலைகீழாகிவிடும்.

ஒரு மீன் 10 தரத்தில் 8 தரம் ஒரே பக்கம் போனதும் துள்ளிக் குதிக்காதீர்கள். 100 பேர் ஆளுக்குப் 10 தரம் நாணயம் சுண்டினாலும், ஏறக்குறைய 11 பேருக்கு 8 அல்லது அதற்கு மேல் ஒரே பக்கம் விழும். ஒரு கிழமை கழித்து அதே மீன்களைத் திரும்பச் சோதியுங்கள். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், திருப்பிச் சோதித்தபோது மீன்களின் பக்க விருப்பம் நிலைக்கவில்லை. உங்களுக்கும் அப்படி வந்தால் அப்படியே எழுதுங்கள். ‘வேறுபாடு இல்லை’ என்ற முடிவைத் தோல்வியாக நினைக்கும் பரீட்சகர்கள் இருக்கும்வரை ஸ்லைட் தரகருக்கு வியாபாரம் படுக்காது.

‘இடக்கண் வலப்பக்க மூளைக்கு என்றால், நாக்கு மீன்?’ என்று யாராவது மடக்குவார்கள். அதற்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம். ஆனால் குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒன்றாகத்தான் இருந்தன. வளரும்போது ஒன்று தலையைத் தாண்டி மறுபக்கம் வந்தது. வந்த கண்ணும் தன் பழைய நரம்பை இழுத்துக்கொண்டே வருகிறது. அது போய்ச் சேரும் மூளைப் பக்கம் மாறுவதில்லை. ஆகவே எந்தக் கண் எங்கே பிறந்தது என்று பார்த்தால் கணக்குச் சரி. எருமை நாக்கு என்ற இன்னொரு தட்டை மீனில் இன்னொரு சிக்கல்: சிலவற்றுக்குக் கண்கள் இடப்பக்கம், சிலவற்றுக்கு வலப்பக்கம். சந்தையில் ஒரு கூடையைக் கிளறினால் இரண்டும் கிடைக்கும். இதைத் தெரிந்து வைத்தால் போதும், ஆய்வுக்கு எடுக்க வேண்டாம்.

புறாமலைத் தீவிலிருந்து பவளப்பாறை மீன் பிடித்துத் தருகிறேன் என்று வருபவரையும் திருப்பி அனுப்புங்கள். அது 2003 முதல் தேசியப் பூங்கா. மாட்டினால் அவர் ஓடிவிடுவார், உங்கள் பெயர்தான் அறிக்கையில் இருக்கும். கப்பி போதும், ஒரே தொட்டியில் வளர்ந்தவையாக வாங்குங்கள்.

ஒழுக்கவியல் குழுவுக்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள். நம் மிருகவதைச் சட்டம் 1907ஆம் ஆண்டையது. படிவங்களோ நீண்டுகொண்டே போகின்றன. அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை மீன் வாங்க வேண்டாம்.